சொத்தைத் தின்ற வழக்கு: டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்'

சார்லஸ் டிக்கன்ஸ்னு சொன்னா நம்மில் நிறைய பேருக்கு ஸ்கூலில் சுருக்கிப் படிச்ச ஆலிவர் ட்விஸ்டும் டேவிட் காப்பர்ஃபீல்டும்தான் ஞாபகம் வரும். 'ப்ளீக் ஹவுஸ்' பக்கம் போறவங்க கம்மி. தலையணை சைஸ் புத்தகம், எண்ணி மாளாத பாத்திரங்கள், போதாக்குறைக்கு முதல் அத்தியாயம் முழுக்க மூடுபனியும் சேறும். நானும் ரொம்ப நாள் தள்ளிப் போட்ட புத்தகம்தான். ஆனா இங்கிலாந்தின் சான்சரி கோர்ட் வரலாற்றைப் பக்கத்தில் வெச்சுக்கிட்டுப் படிச்சா இது வேற புத்தகமா மாறிடுது. இது வெளிவந்த காலத்திலேயே சட்டத்துறை ஆட்கள் 'இந்தாளு ரொம்ப மிகைப்படுத்தறார்'னு கோபப்பட்டாங்க. மிகைப்படுத்தினாரா இல்லையான்னு பார்க்கத்தான் இந்தப் பதிவு.

1852 மார்ச்சிலிருந்து 1853 செப்டம்பர் வரைக்கும் மாசா மாசம் ஒரு ஷில்லிங் விலையில் தனித்தனிப் பகுதிகளா வந்த தொடர்கதை இது. நடுவில் இருக்கிறது ஒரு வழக்கு: ஜார்ண்டிஸ் எதிர் ஜார்ண்டிஸ். யாரோ ஒரு ஜார்ண்டிஸ் எழுதி வெச்ச உயில் பற்றிய தகராறு. எப்ப ஆரம்பிச்சது, எதுக்கு ஆரம்பிச்சதுன்னு கதை நடக்கிறப்ப யாருக்கும் சரியாத் தெரியாது. இந்த வழக்கிலேயே பிறந்து, இந்த வழக்கிலேயே கல்யாணம் பண்ணி, இந்த வழக்கிலேயே செத்துப் போனவங்க இருக்காங்க. டாம் ஜார்ண்டிஸ்னு ஒருத்தர் விரக்தியில் சான்சரி லேன் காபிக் கடையில் தன்னைத்தானே சுட்டுக்கிட்டார். (லேடி டெட்லாக்கின் ரகசியம், கொலை, துப்பறியும் பக்கெட்னு இன்னொரு பெரிய கதையும் கூடவே ஓடுது. அது தனி ஆவர்த்தனம், இங்கே தொடலை.)

சான்சரின்னா என்ன? அந்தக் காலத்து இங்கிலாந்தில் ரெண்டு விதமான நீதிமன்றங்கள். பொதுச்சட்ட நீதிமன்றம் விதிகளில் ரொம்ப இறுக்கம். அங்கே நியாயம் கிடைக்காதவன் ராஜாகிட்ட மனு கொடுப்பான். ராஜா அதைத் தன்னோட சான்சலர்கிட்ட தள்ளிவிடுவார். சான்சலர் விதிகளை ஓரமா வெச்சிட்டு மனசாட்சிப்படி தீர்ப்பு சொல்லணும். அப்படிக் கிளைச்சதுதான் சான்சரி. உயில், அறக்கட்டளை, தாய் தகப்பன் இல்லாத மைனர்களின் சொத்து எல்லாம் இங்கேதான் வரும். அதாவது சட்டத்தின் கொடுமையிலிருந்து மக்களைக் காப்பாத்த வந்த கருணைக் கோர்ட் இது! அதுவே கொஞ்சம் கொஞ்சமா விதிகளைச் சேர்த்துச் சேர்த்து, 1800-களின் ஆரம்பத்தில் மத்த கோர்ட்டெல்லாம் தேவலாம்ங்கற நிலைக்கு வந்துடுச்சு. எல்டன் பிரபு கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு லார்ட் சான்சலரா இருந்தார் (1801-06, மறுபடி 1807-27). யோசிச்சு யோசிச்சு தீர்ப்பைத் தள்ளிப் போடறதில் மன்னன். கவிஞர் ஷெல்லியின் குழந்தைகளை அவர்கிட்ட கொடுக்கக் கூடாதுன்னு 1817-ல் தீர்ப்புச் சொன்னதும் இவர்தான்.

தாமதம்னா நம்ம ஊர் வாய்தா மாதிரின்னு நினைச்சுக்காதீங்க. சான்சரியில் தாமதம் நடைமுறைக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தது. சாட்சி நேரில் வந்து பேச முடியாது, எல்லாமே எழுத்தில். அந்தச் சொத்தில் கடுகளவு பாத்தியதை உள்ளவனையும் வழக்கில் கட்சியாச் சேர்த்தாகணும். அதில் ஒருத்தர் செத்தாலோ, ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலோ வழக்கு அப்படியே நின்னுடும். புதுசா மனுப் போட்டு அதை 'உயிர்ப்பிக்கணும்'. நாற்பது பேர் சம்பந்தப்பட்ட குடும்ப வழக்கில் வருஷத்துக்கு ஒரு சாவாவது, ஒரு கல்யாணமாவது நடக்காமல் இருக்குமா?

கணக்கு வழக்கு, யார் யாருக்கு என்ன உறவு மாதிரியான விசாரணைகளை 'மாஸ்டர்'னு ஒரு அதிகாரிகிட்ட அனுப்புவாங்க. அவரைப் பார்க்க வாரண்ட் வாங்கணும், ஒவ்வொரு வாரண்டுக்கும் ஃபீஸ். முதல் ரெண்டு வாரண்டுக்கு யாரும் வர மாட்டாங்கங்கறது எழுதாத சம்பிரதாயம். மூணாவதுக்குத்தான் வேலை நடக்கும். ஆனா மூணுக்கும் காசு. அப்புறம் நகல். எதிர்த்தரப்பு தாக்கல் செஞ்ச ஆவணத்தை நீங்களே கையால் எழுதிக்க முடியாது. கோர்ட் ஆபீஸிலிருந்து விலை கொடுத்துத்தான் வாங்கணும், தொண்ணூறு வார்த்தைக்கு இவ்வளவுன்னு கணக்கு. தேவையில்லைன்னாலும் வாங்கித்தான் ஆகணும். பக்கத்துக்குக் காசு வர்ற இடத்தில் பக்கம் குறையுமா என்ன?

டிக்கன்ஸோட பாத்திரங்கள் இந்த ஃபீஸ் பட்டியலிலிருந்துதான் எழுந்து வர்றாங்கங்கறது என்னோட கட்சி. நீமோ இருக்கானே, அவன் யார்? வக்கீல்களுக்கு ஆவணம் நகல் எடுக்கிற கூலி எழுத்தர். பக்கக் கணக்கில் சம்பளம். ராத்திரி பகலா எழுதி, அபின் சாப்பிட்டு, ஒரு மாடி அறையில் பேர் தெரியாம சாகறான் (நீமோன்னா லத்தீனில் 'யாரும் இல்லை'ன்னு அர்த்தம்). அவனுக்கு வேலை கொடுத்தவர் ஸ்நாக்ஸ்பி, சட்டக் காகிதங்கள் விற்கிற கடைக்காரர், பரம சாது. அவன் குடியிருந்த வீட்டின் கீழே பழைய பேப்பர், எலும்பு, பாட்டில் கடை வெச்சிருக்கிற க்ரூக். எதையும் வாங்குவான், எதையும் விற்க மாட்டான், சுத்தம் பண்ணவும் மாட்டான். மூட்டை மூட்டையா கோர்ட் காகிதங்கள் அவன் கடையில் மக்குது. அவனுக்குப் படிக்கவே தெரியாது. அக்கம்பக்கத்தில் அவனுக்கு வெச்ச பட்டப்பேர் 'லார்ட் சான்சலர்'. ஒருநாள் ராத்திரி அவன் தானாகவே எரிஞ்சு சாம்பலாகிடறான். மனுஷ உடம்பு தானா எரியுமான்னு ஜி.எச்.லூயிஸ் டிக்கன்ஸோட பெரிய சண்டையே போட்டார். விஞ்ஞானத்தில் லூயிஸ் சரி. ஆனா அந்த அத்தியாயத்தின் க்ரீஸ் பிசுபிசுப்பைப் படிச்சவங்க யாரும் விஞ்ஞானத்தை யோசிச்சிருக்க மாட்டாங்க.

எனக்கு நாவலிலேயே தூக்கத்தைக் கெடுத்த ஆள் க்ரிட்லி. முதல் அத்தியாயத்தில் 'ஷ்ராப்ஷயர்க்காரன்'னு மட்டும் வர்றான். தினமும் கோர்ட் கலையற நேரத்தில் எழுந்து சான்சலரைக் கூப்பிட்டுக் கத்துவான், வக்கீல் குமாஸ்தாக்களுக்கு அது ஒரு வேடிக்கை. சில மாசம் கழிச்சுத்தான் அவன் கதை தெரிய வருது. அப்பா ஒரு விவசாயி. எல்லாம் அம்மாவுக்கு, அம்மாவுக்கப்புறம் க்ரிட்லிக்கு, தம்பிக்கு மட்டும் 300 பவுண்டுன்னு உயில். அம்மா இறந்ததும் தம்பி பணத்தைக் கேட்டான். 'உனக்குச் சாப்பாடு, தங்க இடம்னு ஏற்கனவே கொஞ்சம் கழிஞ்சிருக்கே'ன்னு இவன் சொன்னான். அவ்வளவுதான் தகராறு! நம்ம ஊரில் நாலு பெரியவங்க திண்ணையில் உட்கார்ந்து ஒரு சாயங்காலத்தில் முடிச்சிருப்பாங்க. தம்பி சான்சரிக்குப் போனான். பதினேழு பிரதிவாதிகள் சேர்க்கப்பட்டாங்க. வழக்கு முதல்முதலா எடுத்துக்கொள்ளப்படவே ரெண்டு வருஷம். அப்புறம் க்ரிட்லி அவன் அப்பாவுக்குத்தான் மகனான்னு மாஸ்டர் விசாரிக்க இன்னொரு ரெண்டு வருஷம். அதை யாருமே மறுக்கலைங்க! கடைசியில் பதினேழு போதாது, ஒருத்தர் விட்டுப் போச்சுன்னு மறுபடி முதலிலிருந்து. அதுக்குள்ளே செலவு மட்டும் தம்பிக்குச் சேரவேண்டிய தொகையைப் போல மூணு மடங்கு. 'எனக்குப் பணமே வேணாம், ஆளை விடுங்க'ன்னு தம்பியே சொல்லத் தயார். விடாது.

இதைத்தான் 'சும்மா கற்பனை'ன்னு சொன்னாங்க. ஆனா அந்தக் கதை ஸ்டாஃபர்ட்ஷயரில் நிஜமா நடந்த ஒண்ணு. லீக் என்ற ஊரின் சொலிசிட்டர் வில்லியம் சாலினர் 1849-ல் சான்சரியின் குறைகளைப் பற்றி ஒரு துண்டு நூல் போட்டார். நாவலின் முதல் பகுதி வந்ததும் அதை டிக்கன்ஸுக்கு அனுப்பி வெச்சார். டிக்கன்ஸ் பேரையும் ஊரையும் மாத்தி, எலும்பை அப்படியே வெச்சுக்கிட்டார். 1853-ல் எழுதின முன்னுரையில், க்ரிட்லியின் வழக்கு முக்கியமான எந்த விஷயத்திலும் உண்மையிலிருந்து விலகலைன்னு அவரே சொல்றார்.

க்ரிட்லி கத்தினதுக்காக, மிரட்டினதுக்காக கோர்ட் அவமதிப்புன்னு பல தடவை உள்ளே போறான். இதுவும் கற்பனை கிடையாது. சான்சரி கைதிகள்னு ஒரு தனி இனமே லண்டன் சிறைகளில் இருந்தது. கோர்ட் உத்தரவுப்படி பணம் கட்ட முடியாதவன், பதில் மனு தாக்கல் செய்ய வசதியில்லாதவன் எல்லாம் 'அவமதிப்பு'தான். தண்டனைக்குக் கால அளவும் கிடையாது. ஃப்ளீட் சிறையை 1842-ல் மூடினப்போ அங்கிருந்தவங்களை வேற சிறைக்கு மாத்தினாங்க. டிக்கன்ஸ் நடத்தின 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' பத்திரிகை 1850 டிசம்பரில் இவங்களைப் பத்தி ஒரு கட்டுரையும் போட்டது. நாவலுக்கு முன்னாடியே களத்தில் இறங்கிட்டார்னு அர்த்தம்.

மிஸ் ஃப்ளைட் கிழவியை மறக்க முடியாது. தினமும் ஒரு பைநிறைய உதவாத காகிதங்களோட கோர்ட்டுக்கு வருவாள், தீர்ப்பு சீக்கிரம் வந்துடும்னு. வீட்டில் கூண்டுப் பறவைகள். தீர்ப்பு வந்ததும் விடுதலை பண்றதா வேண்டுதல். பறவைகள் செத்துச் செத்துப் புதுசு வாங்கிக்கிட்டே இருக்காள். முதலில் அப்பா வழக்குக்குள்ளே இழுக்கப்பட்டார், கடன்காரர் சிறையில் செத்தார். அண்ணன் குடியில் போனான். தங்கை என்ன ஆனாள்னு கேட்காதேங்கறாள். அப்புறம் தானும் 'போய்ப் பார்த்தேன்'னு சொல்றாள். பைத்தியம்னு எல்லாரும் சிரிக்கிற இந்தக் கிழவிதான், இளைஞன் ரிச்சர்டைப் பார்த்ததும் 'இவனும் இழுக்கப்படறான்'னு முதலில் கண்டுபிடிக்கிறாள்.

ரிச்சர்ட் கார்ஸ்டோன் நல்ல பையன். கலகலப்பானவன். டாக்டருக்குப் படிக்கிறான், விட்டுடறான். சட்டம், விட்டுடறான். ராணுவம், அதையும் விட்டுடறான். வழக்கு முடிஞ்சா பணம் வரப் போகுது, அப்புறம் எதுக்கு வேலை? அவனைக் கோர்ட் ஒரு தடவைகூட அடிக்கலை, சிறையில் போடலை. காத்திருக்க வைக்குது, அவ்வளவே. தன்னை வளர்த்த ஜான் ஜார்ண்டிஸையே, வழக்கில் எதிர்க்கட்சிங்கறதால, எதிரியா நினைக்க ஆரம்பிக்கிறான். குடும்பத்தில் பாகப்பிரிவினை கேஸ் நடந்த வீடுகளில் இதைப் பார்க்கலாம். கேஸ் போட்ட நாளிலிருந்து சித்தப்பா சித்தப்பா இல்லை, மூணாவது பிரதிவாதி.

ரிச்சர்டின் வக்கீல் வோல்ஸ். கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை, வேகாத மூஞ்சி. நான் படிச்ச நாவல்களில் இவ்வளவு பயமுறுத்துற நல்லவனைப் பார்த்ததில்லை. ஆமாம், நல்லவன்தான்! லஞ்சம் கிடையாது, பொய் கிடையாது, ஒரு நாளும் வேலையைத் தள்ளிப் போட மாட்டார். மூணு பெண்ணுங்க, டான்டன் பக்கம் கிராமத்தில் வயசான அப்பா, எல்லாரையும் காப்பாத்தணும். கட்சிக்காரனை முழுசா உறிஞ்சி எடுக்கிறார், ஒவ்வொரு பைசாவுக்கும் ஒழுங்கான பில்லோட. சான்சரியைச் சீர்திருத்தலாம்னு பேச்சு வரும்போதெல்லாம் 'அப்புறம் வோல்ஸ் மாதிரி மரியாதைப்பட்ட ஆளுங்க பிழைப்பு என்னாகும்'னு கேட்பாங்களாம். நரமாமிசத்தைத் தடை பண்ணினா நரமாமிசம் தின்கிறவன் குடும்பம் பட்டினி கிடக்குமேன்னு கவலைப்படற மாதிரின்னு டிக்கன்ஸ் இடிக்கிறார். வழக்கு நடத்தறவங்க, நகல் எழுதறவங்க, காகிதம் விற்கிறவங்க, எல்லாரும் அவங்கவங்க வேலையைச் சரியாச் செய்யறாங்க. அதனாலதான் அது நிற்கவே மாட்டேங்குது. லார்ட் சான்சலரைக்கூட டிக்கன்ஸ் கெட்டவரா காட்டலை. அனாதைப் பிள்ளைகள்கிட்ட அன்பாத்தான் பேசறார்.

இடங்களுக்கு வருவோம். லிங்கன்ஸ் இன் மண்டபம், சான்சரி லேன், கர்சிட்டர் தெரு எல்லாம் நிஜ லண்டன். ஸ்நாக்ஸ்பியின் 'குக்ஸ் கோர்ட்' அங்கே இருக்கிற டூக்ஸ் கோர்ட்தான். டல்கிங்ஹார்ன் வக்கீலின் வீடு, டிக்கன்ஸின் நண்பர் ஃபார்ஸ்டர் குடியிருந்த லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் 58-ம் நம்பர் வீடு. டாம்-ஆல்-அலோன்ஸ்ங்கற சேரி மட்டும் கற்பனை. ஆனா அது ஏன் சேரியாச்சுங்கறதுதான் விஷயம். அந்தத் தெருவே வழக்கில் இருக்கு. சொத்து யாருடையதுன்னு முடிவாகாததால யாரும் ரிப்பேர் பண்ண மாட்டாங்க. வீடுகள் ஒண்ணொண்ணா இடிஞ்சு விழுது, உள்ளே ஏழைங்க செத்துக்கிட்டே வாழறாங்க. அங்கிருந்து கிளம்புற காய்ச்சல் எல்லா வீட்டுக்கும் போகுது.

அந்தத் தெருவில் இருக்கிறவன் ஜோ. ரோட்டைக் கடக்கிறவங்களுக்குச் சேற்றைப் பெருக்கி வழிவிடற பையன். நீமோ செத்த விசாரணையில் அவனைப் பத்தி நல்லவிதமாச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி இவன்தான். ஆனா சத்தியப் பிரமாணம்னா என்னன்னு தெரியலை, அதனால சாட்சியம் செல்லாதுன்னு வெளியே அனுப்பிடறாங்க. 1850 ஜனவரியில் லண்டன் கில்ட்ஹாலில் இதேதான் நடந்தது. ஜார்ஜ் ரூபின்னு பதினாலு வயசுப் பெருக்கும் பையன். ஜெபம்னா என்ன, கடவுள்னா யாருன்னு கேட்டாங்க. தெரியலைன்னான். சாட்சியம் ஏற்கப்படலை. டிக்கன்ஸின் பத்திரிகைக் குழுமத்திலிருந்தே வந்த மாதச் செய்தி இதழில் அது பதிவாகியிருக்கு.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்கணும் இல்லையா. முன்னாள் தலைமை நீதிபதி டென்மன் பிரபு உட்பட பலர் சொன்னது, செத்த பாம்பை அடிக்கிறார்னு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கு. நாவல் வந்துக்கிட்டிருந்த 1852-லேயே பார்லிமென்ட் மாஸ்டர் பதவிகளை ஒழிச்சு, நடைமுறையை எளிமையாக்கிச் சட்டம் போட்டது. நகல் ஃபீஸில் கொழுத்த 'ஆறு குமாஸ்தாக்கள்' ஆபீஸ் 1842-லேயே போயாச்சு. சட்ட வரலாற்றாசிரியர் ஹோல்ட்ஸ்வொர்த் 1928-ல் டிக்கன்ஸைச் சட்ட வரலாற்றாசிரியரா பார்த்து ஒரு புத்தகமே எழுதினார். நாவலில் வர்ற நடைமுறை 1827 வாக்கில் இருந்ததுங்கறது அவர் கணிப்பு. ஆனா புதுச் சட்டம் வந்ததும் பழைய வழக்கெல்லாம் மாயமா மறைஞ்சிடுமா? முன்னுரையில் டிக்கன்ஸ் ரெண்டு வழக்கைக் காட்டறார். ஒண்ணு ஆரம்பிச்சு கிட்டத்தட்ட இருபது வருஷம், ஒரே நேரத்தில் முப்பது நாற்பது வக்கீல்கள், செலவு 70,000 பவுண்டு, அதுவும் இரு தரப்பும் சுமுகமா நடத்தற வழக்காம்! இன்னொண்ணு 1800-க்கு முன்னாடி ஆரம்பிச்சது, செலவு அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல.

அந்தக் காலத்து வழக்குகளைத் தேடினா இது ஒண்ணும் பெரிசில்லை. பீட்டர் தெலுசன்னு ஒரு வியாபாரி 1797-ல் செத்தார். சொத்தைத் தொடாம மூணு தலைமுறை வளர விடணும்னு உயில். 1859-ல் வழக்கு ஒருவழியா முடிஞ்சப்போ, அறுபது வருஷம் வட்டி சேர்ந்தும், பங்கு போட மிஞ்சினது ஆரம்பத்தில் இருந்ததை விடப் பெரிசா இல்லை. 1798-ல் செத்த வில்லியம் ஜென்னன்ஸ், சஃபோக்கின் மகா பணக்காரர், கையெழுத்துப் போடாத உயிலோட போய்ச் சேர்ந்தார். கையெழுத்துப் போடப் போனப்ப மூக்குக் கண்ணாடியை மறந்துட்டார்னு கதை சொல்வாங்க. அந்தச் சொத்தைக் கேட்டு நூறு வருஷத்துக்கு மேல ஆட்கள் வந்துக்கிட்டே இருந்தாங்க.

டிக்கன்ஸுக்குச் சொந்தக் கணக்கும் உண்டு. 1843 கிறிஸ்துமஸுக்கு வந்த 'கிறிஸ்துமஸ் கேரல்' கதையை ஒரு மலிவுப் பத்திரிகை ஜனவரியிலேயே திருடி ரெண்டு பென்னிக்கு விற்றது. சான்சரிக்குப் போனார். ஜெயிச்சார்! திருடினவங்க திவால்னு அறிவிச்சுட்டாங்க. டிக்கன்ஸ் தன் பக்கத்துச் செலவு சுமார் 700 பவுண்டைத் தானே கட்டினார். அந்தப் புத்தகத்தின் முதல் 6000 பிரதியில் அவருக்குக் கிடைச்ச லாபம் 230 பவுண்டு. ஜெயிச்சவன் கதை இது, தோத்தவன் கதையை யோசிச்சுக்கோங்க.

நாவலில் ஜார்ண்டிஸ் வழக்கும் கடைசியில் முடியுது. க்ரூக்கின் குப்பையிலிருந்து புது உயில் கிடைக்குது, ரிச்சர்டுக்கும் ஏடாவுக்கும் சாதகமா. எல்லாரும் கோர்ட்டுக்கு ஓடறாங்க. உள்ளேயிருந்து வக்கீல்கள் வயிறு குலுங்கச் சிரிச்சிக்கிட்டு வெளியே வர்றாங்க, பின்னாடியே மூட்டை மூட்டையாக் காகிதம். தீர்ப்பு கிடையாது. சொத்து மொத்தமும் வழக்குச் செலவிலேயே தீர்ந்து போச்சு, இனி சண்டை போட எதுவும் இல்லை, அதனால வழக்கு முடிஞ்சது. ரிச்சர்ட் வாயில் ரத்தம் வருது. அவன் செத்த அன்னிக்கு ராத்திரி மிஸ் ஃப்ளைட் அழுதுக்கிட்டே வந்து, பறவைகளைத் திறந்து விட்டுட்டேன்னு சொல்றாள்.

ஒரு உபரித் தகவல். நாவலின் முதல் பகுதி வந்த நாட்களில் நிஜ லார்ட் சான்சலரா இருந்தவர் செயின்ட் லெனார்ட்ஸ் பிரபு. 1875 ஜனவரியில் அவர் காலமானப்போ அவரோட உயிலையே காணோம்! கோர்ட்டுக்குத்தான் போனாங்க. மகள் சார்லட் உயிலின் வாசகங்களை மனப்பாடமா ஒப்பிச்சதை நீதிமன்றம் ஏத்துக்கிட்டதால குடும்பம் தப்பிச்சது :-)

அதே 1875-ல் சான்சரி தனிக் கோர்ட்டா இல்லாமல் போய், உயர் நீதிமன்றத்தின் ஒரு பிரிவாச்சு. புது நீதிமன்றத்துக்காக ஸ்ட்ராண்ட் தெருவில் பிரம்மாண்டமான கட்டடம் எழும்பி, 1882 டிசம்பரில் விக்டோரியா ராணி திறந்து வெச்சாங்க. லண்டன் போனவங்க வாசலில் நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. அதைக் கட்டின பணத்தில் பெரும் பங்கு, சான்சரியில் வழக்காடினவங்களின் பணம் பல காலம் கோர்ட்டில் தேங்கிக் கிடந்ததில் சேர்ந்த உபரி. கட்டின இடம், டிக்கன்ஸ் தன் கதையை ஓடவிட்ட அதே சந்துகளை ஒட்டின சேரிப்பகுதி. நானூறுக்கும் மேற்பட்ட வீடுகளை இடிச்சாங்க. அங்கிருந்த ஏழைகள் சுமார் நாலாயிரம் பேரைக் கிளப்பி விட்டாங்க.